மிசிசிப்பி கிரிட்டிக்கல் ஏரியா ஆர்டினன்ஸ்: மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டால் போதுமா?

நதிக்கரை_நகர் கேட்கிறார்:

வணக்கம். மினசோட்டாவில், செயின்ட் பால் தாண்டி மிசிசிப்பிக் கரையில் இருக்கும் ஒரு சின்ன நகரத்தின் பிளானிங் கமிஷனுக்காக இதைக் கேட்கிறேன். நகரத்தின் பழைய கிரிட்டிக்கல் ஏரியா (மிசிசிப்பி ஆற்றுத் தடத்தைக் காக்க மாநிலம் அறிவித்த சிறப்புப் பகுதி) அத்தியாயம் 1980 வாக்கில் எழுதியது. அதை எடுத்துவிட்டு, மாநில விதித்தொகுப்பின் 6106ஆம் அத்தியாயத்துக்கு ஏற்ற புது ஆர்டினன்ஸ் (நகரச் சட்டம்) கொண்டுவரச் சொல்லி இயற்கை வளத் துறையான டி.என்.ஆரிடமிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. நகரத்தில் மூன்று வகை மண்டலங்கள்தான் வருகின்றன: ஆற்றோரக் குடியிருப்பு (ஆர்.என்.), ஆற்றங்கரை ஊரும் பாலமும் சேர்ந்த பகுதி (ஆர்.டி.சி.), ஆற்றிலிருந்து விலகிய பகுதி (எஸ்.ஆர்.).

டி.என்.ஆர். ஒரு மாதிரி ஆர்டினன்ஸ் தருகிறது. அதில் நகரத்தின் பெயரை மட்டும் நிரப்பி மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வைத்தால் வேலை முடிந்ததா? எதை யாரிடம் எந்த வரிசையில் அனுப்ப வேண்டும்? ஏற்கெனவே மேட்டு விளிம்பில் நிற்கும் வீடுகள் என்ன ஆகும்? மன்றத்துக்கு உண்மையிலேயே முடிவெடுக்க ஏதாவது இடம் இருக்கிறதா, இல்லை வெறும் முத்திரை குத்துவதுதானா?


கோப்புக்கட்டு பதில்:

விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எதை எப்போது யாருக்கு அனுப்புவது என்பதில்தான் ஊர்கள் தடுக்கி விழுகின்றன. அதனால் முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான ஜோனிங் (நிலப் பயன்பாட்டு மண்டல விதி) திருத்தம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம், கமிஷன் பரிந்துரை, மன்ற வாக்கு, செய்தித்தாளில் வெளியீடு, அவ்வளவுதான். இது அப்படிப் போகாது. மன்றம் கடைசி வாக்கு போடுவதற்கு முன்பே வரைவு டி.என்.ஆர். கமிஷனரிடம் போய் நிபந்தனை ஒப்புதலோடு திரும்பி வந்திருக்க வேண்டும். மன்றம் ஏகமனதாக நிறைவேற்றியிருந்தாலும், கமிஷனரின் இறுதி ஒப்புதல் இல்லாத ஆர்டினன்ஸுக்குச் சட்ட வலு கிடையாது. அதுவரை அந்த 1980 அத்தியாயமே நடைமுறையில் இருக்கும். பெர்மிட் கேட்டு வருபவரிடம் புது விதியைக் காட்டி மறுத்துவிடக் கூடாது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று மன்றத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள். 1973இல் மாநிலச் சட்டமன்றம் கிரிட்டிக்கல் ஏரியாச் சட்டத்தைக் கொண்டுவந்தது, சட்டத்தொகுப்பில் 116ஜி. 1976இல் ஆளுநர் வெண்டல் ஆண்டர்சன் நிர்வாக உத்தரவால் இந்த ஆற்றுத் தடத்தை அறிவித்தார். 1979இல் ஆளுநர் ஆல் குவீ 79-19 என்ற உத்தரவால் அதைத் தொடர்ந்தார். உங்கள் பழைய அத்தியாயம் அந்த உத்தரவின் வாரிசு. 6106ஆம் அத்தியாயம் 2017 ஜனவரி 4 முதல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மொத்தம் 72 மைல் ஆறு, டேட்டன், ராம்சி தொடங்கி ஹேஸ்டிங்ஸுக்குச் சற்றுக் கீழே வரை.

காலக்கெடு இப்படி: அறிவிப்பு கிடைத்த ஓராண்டுக்குள் வரைவு போய்ச் சேர வேண்டும். பரிசீலனைக்கு 45 நாள், ஆனால் அந்தக் கணக்கு முழுமையான வரைவு கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். வரைபடம் இல்லாமல், மனைப்பிரிவு அத்தியாயத்தில் செய்ய வேண்டிய மாற்றங்கள் இல்லாமல் வெறும் வாசகத்தை மட்டும் அனுப்பினால் கணக்கு தொடங்கவே தொடங்காது. நகரத்தின் தொலைநோக்குத் திட்டத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயம் இருக்கும் இல்லையா, அதோடு வரைவு பொருந்துகிறதா என்று வட்டாரத் திட்டமிடல் அமைப்பான மெட்ரோபாலிட்டன் கவுன்சில் பார்க்கும். தேசியப் பூங்காத் துறையும் பார்க்கும். இதே 72 மைலை 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் தேசிய ஆறு மற்றும் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்ததுதான் காரணம். பூங்காத் துறைக்கு இங்கே சொந்தமாக ஜோனிங் அதிகாரம் இல்லை, கருத்து சொல்லலாம்.

டி.என்.ஆர். திருப்பி அனுப்பினால் எழுத்தில் காரணம் சொல்லும். திருத்தி மறுபடி அனுப்ப 60 நாள். நிபந்தனை ஒப்புதல் கிடைத்துவிட்டால் மன்றம் நிறைவேற்ற 60 நாள். நிறைவேற்றிய 10 நாளுக்குள் பிரதியை அனுப்பிவிட வேண்டும்.

இந்த இரண்டாவது 60 நாள்தான் பொறி. கருத்துக்கேட்பு அறிவிப்பை நகரத்தின் அதிகாரபூர்வச் செய்தித்தாளில் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். உங்கள் செய்தித்தாள் வாரப் பத்திரிகை என்றால் அதன் கடைசித் தேதியையும் சேர்த்தால் 20 நாள் போய்விடும். மன்றத்தில் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று நகர சாசனம் சொன்னால் இன்னும் இரண்டு, மூன்று வாரம். ஆகவே கருத்துக்கேட்பை நிபந்தனை ஒப்புதலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். வரைவை டி.என்.ஆர். ஊழியரிடம் பேச்சுவாக்கில் ஒருமுறை காட்டி, திருத்தி, கருத்துக்கேட்பை முடித்து, கமிஷன் பரிந்துரையோடு முறைப்படி அனுப்புங்கள். ஒப்புதல் வந்த பிறகு மன்ற வாக்கு மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்.

அந்த வாக்கெடுப்பு நாளில் நடப்பதுதான் அடிக்கடி கெடுப்பது. யாராவது ஒரு வீட்டுக்காரர் எழுந்து பேசுவார், உறுப்பினர் ஒருவர் “மேட்டு விளிம்பிலிருந்து விட வேண்டிய 40 அடியை 30 ஆக்கிவிடலாமே” என்பார், கைதூக்கி நிறைவேற்றிவிடுவார்கள். நிறைவேறியது ஒன்று, ஒப்புதல் பெற்றது வேறொன்று. இறுதி ஒப்புதல் கிடைக்காது, மறுபடி முதலிலிருந்து. மேஜையில் வைக்கும் குறிப்பிலேயே “இந்த வாசகத்தில் எந்த மாற்றம் செய்தாலும் டி.என்.ஆருக்குத் திரும்பப் போகும்” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஓராண்டில் நகரம் எதுவுமே செய்யாவிட்டால்? டி.என்.ஆரே ஆர்டினன்ஸ் தயாரித்து, கருத்துக்கேட்பு நடத்தி, நகரத்துக்காக அதை அமல்படுத்தும். ஆனால் பெர்மிட் தருவதும் மீறலைப் பிடிப்பதும் அப்போதும் நகரத்தின் தலையில்தான். எழுதும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு வேலையை மட்டும் வைத்துக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை.

மாதிரியைப் பற்றி: எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் புத்திசாலித்தனம். அதன் வாசகத்தை மாற்றும் ஒவ்வொரு இடத்துக்கும் டி.என்.ஆருக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும். ஆனால் “பெயரை மட்டும் நிரப்பினால்” முடியாது. உங்கள் ஊரில் இல்லாத மூன்று மண்டலங்களுக்கான விதிகளை எடுத்துவிட வேண்டும். பழைய அத்தியாயத்தை முழுதாக நீக்க வேண்டும். 79-19 உத்தரவின்படி மண்டலங்கள் நான்கு. புது விதியில் ஆறு. பழைய பெயர்கள் விளம்பரப் பலகை விதியிலோ வேலி விதியிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரே மனைக்கு இரண்டு மண்டலம் என்று ஆகிவிடும். தேடல் பெட்டியில் பழைய நான்கு பெயர்களையும் போட்டு நகரக் கோவை முழுவதையும் ஒருமுறை அலசிவிடுங்கள்.


தியோடலைட் பதில்:

வரிசையை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் வரையறைப் பிரிவுக்கு வருகிறேன். இந்த ஆர்டினன்ஸில் வழக்குக்குப் போகக்கூடிய பகுதி அதுதான், கூட்டத்தில் யாரும் படிக்காத பகுதியும் அதுதான்.

பிளஃப் (செங்குத்தான ஆற்றோர மேடு) என்ற ஒரே சொல்லுக்கு உங்கள் நகரக் கோவையில் இரண்டு அர்த்தம் இருக்கக்கூடும். மாநிலத்தின் பொதுவான ஏரி, ஆற்றங்கரை விதியில் (6120ஆம் அத்தியாயம்) பிளஃப் என்றால் 25 அடி உயர்ந்து, சராசரிச் சரிவு 30 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 6106இல் 25 அடி உயரமும் 18 சதவீதச் சரிவும் போதும். பழைய கரையோர அத்தியாயத்தின் வரையறைப் பட்டியலையும் புதியதையும் ஒரே பட்டியலாக இணைத்துவிட்டால், எது எந்தப் பகுதிக்கு என்று தெரியாமல் போகும். வீட்டுக்காரரின் வழக்கறிஞர் 30 சதவீதத்தைத்தான் எடுப்பார். எனவே கிரிட்டிக்கல் ஏரியா அத்தியாயத்துக்குள்ளேயே தனி வரையறைப் பிரிவு வைத்து, “இந்த அத்தியாயத்துக்கு மட்டும்” என்று எழுதுங்கள். விதிகள் மோதினால் கூடுதல் பாதுகாப்பு தருவதே செல்லும் என்பது மாநில விதியிலேயே இருக்கிறது. ஆனால் வரையறையே மங்கலாக இருந்தால் அந்த வரி உதவாது.

18 சதவீதத்தை எப்படி அளப்பது? கிடைமட்டமாக 25 அடி நீளத்தில். 25 அடியில் நாலரை அடி ஏறினால் 18 சதவீதம். அந்த 25 அடித் துண்டைச் சரிவின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்கே சரிவு 18க்குக் கீழே இறங்குகிறதோ அங்கே மேல் விளிம்புக் கோடு. கீழேயும் அதே முறையில் அடிக் கோடு. சரிவு நீருக்குள்ளேயே தொடங்கினால் சாதாரண உயர்நீர் மட்டம்தான் அடி. சரிவு விதி பொருந்தாத பாறைச் சுவர்களுக்குத் தனி வழி: 10 அடி உயரமும் 75 பாகைக்கு மேல் செங்குத்தும் இருந்தால் அதுவும் பிளஃப்.

மினசோட்டா முழுவதற்கும் லைடார் (விமான லேசர் அளவை) தரவிலிருந்து 2 அடி இடைவெளிச் சமஉயரக் கோடுகள் கிடைக்கின்றன. ஊர் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, எந்த மனைகளில் பிளஃப் இருக்கக்கூடும் என்று குறிக்க அது நல்ல கருவி. ஆனால் நாலரை அடி ஏற்றத்தை 2 அடிக் கோடுகளில் படித்தால் ஒரு கோடு இப்படியோ அப்படியோ போவதில் விளிம்பு பல அடி நகர்ந்துவிடும். 40 அடி செட்பேக் (கட்டடம் விலகி நிற்க வேண்டிய தூரம்) உள்ள இடத்தில் அது பெரிய வித்தியாசம். நகரத்தின் வரைபடத்தில் “இது முதல்கட்டக் குறிப்பு, தள அளவையே முடிவு” என்று போட்டுவிட்டு, பெர்மிட் விண்ணப்பத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் அளவையைக் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, கட்டுமானத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பிளஃப் தாக்கப் பகுதி. பழைய பழக்கத்தில் எல்லோரும் இதை “மேல் விளிம்பிலிருந்து 20 அடி” என்றே நினைக்கிறார்கள். 6106இல் பிளஃபும் அதைச் சுற்றி 20 அடியும். அதாவது அடிவாரத்திலும் 20 அடி, பக்கவாட்டிலும் 20 அடி. மேட்டுக்குக் கீழே ஆற்றை ஒட்டி வீடுகள் இருக்கும் ஆர்.என். தெருக்களில் பின்பக்கக் கொட்டகை, தடுப்புச் சுவர் எல்லாம் இதற்குள் வந்துவிடும். கருத்துக்கேட்புக்கு வருபவர்களில் மேட்டு மேலே இருப்பவர்கள் தயாராக வருவார்கள். கீழே இருப்பவர்களுக்குத் தங்களுக்கும் இது பொருந்தும் என்றே தெரியாது. அவர்களுக்குத் தனியாகக் கடிதம் போடுவது நல்லது.

ஆற்றுப் பக்க செட்பேக் அளக்கும் தொடக்கம் உயர்நீர் மட்டக் கோடு. ஓடும் ஆற்றில் அது பொதுவாக வாய்க்கால் கரையின் மேல் விளிம்பு. அணைக்கட்டால் தேங்கிய நீர்ப்பரப்பில் கோடைக்கால இயக்க மட்டம். அளவை எடுத்த நாளில் தண்ணீர் எங்கே நின்றதோ அது கிடையாது, வெள்ளப் பகுதி வரைபடத்தின் மட்டமும் கிடையாது. அந்த எண்ணை டி.என்.ஆரின் வட்டார நீரியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். எந்த அடிப்படை மட்டத்தில் சொல்கிறார் என்றும் கேளுங்கள். பழைய எண்கள் 1929 அடிப்படையில் இருக்கும். இன்றைய அளவைகள் 1988 அடிப்படையில் வரும். இரண்டையும் கலந்தால் தட்டையான கரையில் கோடே இடம் மாறும்.

உங்கள் மண்டலங்களுக்கான எண்கள்: ஆர்.என். பகுதியில் மிசிசிப்பியிலிருந்து 100 அடி, வெர்மிலியன் ஆற்றிலிருந்து 75 அடி, பிளஃப் விளிம்பிலிருந்து 40 அடி, உயரம் 35 அடி. ஆர்.டி.சி. பகுதியில் ஆற்றிலிருந்து 75, விளிம்பிலிருந்து 40, உயரம் 48 அடி. அதற்கு மேல் நிபந்தனை அனுமதியோடு போகலாம். எஸ்.ஆர். பகுதியிலும் விளிம்பிலிருந்து 40 அடி உண்டு. உயரம் உங்கள் அடிப்படை ஜோனிங் சொல்கிறபடி, ஆனால் முதிர்ந்த மரங்களின் உச்சியோடும் சுற்றுக் கட்டடங்களோடும் பொருந்த வேண்டும்.

உயரத்தை எந்தப் பக்கம் அளப்பது என்பதை மறக்காதீர்கள்: மிசிசிப்பியைப் பார்த்த பக்கம். சரிவில் கட்டும் வீட்டில் தெருப் பக்கம் இரண்டு மாடி, ஆற்றுப் பக்கம் அடித்தளம் வெளியே தெரிந்து மூன்று மாடி. உங்கள் கட்டட ஆய்வாளர் பழக்கத்தில் தெருப் பக்கமோ நான்கு பக்கச் சராசரியோ அளப்பார். 33 அடி என்று அனுமதித்த வீடு ஆற்றிலிருந்து பார்த்தால் 42 அடியாக நிற்கும். ஆர்.என். பகுதியில் உயரத்துக்கு நிபந்தனை அனுமதி என்ற வழியே இல்லை, வேரியன்ஸ் (விதியிலிருந்து தனி விலக்கு) ஒன்றுதான். கட்டி முடித்த பிறகு அதைக் கேட்டு வருவது யாருக்கும் நல்லதில்லை.


நதிக்கரை_நகர்:

மிகப் பயனுள்ளவை, நன்றி. அடிவாரத்து 20 அடி எங்கள் வரைபடத்தில் இல்லவே இல்லை. இன்னும் இரண்டு: ஏற்கெனவே 40 அடிக்குள் இருக்கும் வீடுகள் “சட்டவிரோதம்” ஆகிவிடுமா? கூட்டத்தில் இதுதான் முதல் கேள்வியாக வரும். அடுத்து, மன்றம் உண்மையில் எதை முடிவு செய்யலாம்?


மன்றக்குறிப்பு பதில்:

சட்டவிரோதம் ஆகாது. விதிக்கு முந்தைய, ஆனால் சட்டப்படி நிற்கும் கட்டடம் என்ற நிலை கிடைக்கும். மாநிலச் சட்டத்தின் 462.357 பிரிவே அவற்றைக் காக்கிறது: பழுதுபார்க்கலாம், அதே அளவில் மாற்றிக் கட்டலாம், பராமரிக்கலாம், மேம்படுத்தலாம், பெரிதாக்க முடியாது. பயன்பாடு ஓராண்டுக்கு மேல் நின்றுபோனாலோ, தீ போன்றவற்றால் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் சேதமாகி 180 நாளுக்குள் கட்டட பெர்மிட் கேட்காவிட்டாலோ அந்தப் பாதுகாப்பு போகும். காப்பீட்டு நிறுவனத்தோடு இழுபறி நடக்கும்போது 180 நாள் தெரியாமல் கழிந்துவிடும். விண்ணப்பம் கொடுத்தாலே போதும், கட்டி முடிக்க வேண்டியதில்லை என்பதைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்துக்குப் போகுமுன் எத்தனை வீடுகள் இப்படி ஆகும் என்று எண்ணிக்கை எடுத்து வையுங்கள். எண் இல்லாமல் போனால், ஊர் முழுவதும் வீடு கட்ட முடியாது என்ற வதந்தியோடுதான் கூட்டம் முடியும்.

மன்றத்துக்கு இடம் எங்கே என்றால், இந்த வீடுகளைப் பற்றிய இடத்திலேயே இருக்கிறது. செட்பேக்குக்குள் நிற்கும் பழைய வீட்டைப் பக்கவாட்டில் நீட்ட அனுமதிக்கலாமா என்பது நகரத்தின் விருப்பம். அனுமதித்தால் நிபந்தனைகள் உண்டு: கரை, பிளஃப் தாக்கப் பகுதிக்குள் போகக் கூடாது, இப்போதைய சுவர்க் கோட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் ஓர் அங்குலம் கூட நெருங்கக் கூடாது. இதை எழுதி வைக்காத நகரங்களில் ஒரு படுக்கையறை சேர்ப்பதற்குக்கூட வேரியன்ஸ் விசாரணை வேண்டியிருக்கும். சின்ன ஊருக்கு என் பரிந்துரை, சேர்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கத்து மனைகளிலும் வீடு இருந்தால் அவற்றின் கோட்டுக்கு ஒத்தபடி நடுவில் வரும் புது வீட்டின் செட்பேக்கை மாற்றுவதும் உண்டு. ஒரே பக்கம் மட்டும் வீடு இருந்தால் பொருந்தாது, இரண்டு பக்கமும் வேண்டும். இப்படிக் கட்டிய வீடு முழுக்க விதிக்கு உட்பட்டதாகவே கருதப்படும். வீட்டை விற்கும்போது வங்கி கேட்கும் கேள்வி இதுதான்.

மரத்தளம், பின்முற்றம் பற்றி நிறையக் கேட்பார்கள். வேரியன்ஸ் இல்லாமலே செட்பேக்குக்குள் கொஞ்சம் நீட்டலாம். அதற்குக் கணக்கு இருக்கிறது: செட்பேக் ஆழத்தில் 15 சதவீதம், மனை அகலத்தில் 25 சதவீதம், இரண்டையும் பெருக்கினால் அதிகபட்சப் பரப்பு. ஆர்.என். பகுதியில் 100 அடி செட்பேக், 80 அடி அகல மனை என்றால் 15 அடி பெருக்கல் 20 அடி, 300 சதுர அடி. பிளஃப் விளிம்புப் பக்கம் அதே மனைக்கு 6 பெருக்கல் 20, 120 சதுர அடிதான். எந்த வழியில் வந்தாலும் பிளஃப் தாக்கப் பகுதிக்குள் நுழையக் கூடாது. இந்தக் கணக்கை ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கவுன்டரில் வைத்தால் பாதிக் கேள்விகள் குறையும். ஆற்றுக்கு இறங்கும் தனியார் படிக்கட்டுக்கு 4 அடி அகலம், இடைமேடை 32 சதுர அடி. இதையும் அதில் சேருங்கள்.

பெர்மிட் வேண்டிய வேலைகளில் மண் வேலையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கரையோரத்திலும், ஈரநிலம், இயற்கை ஓடை ஆகியவற்றிலிருந்து 50 அடிக்குள்ளும் 10 கன கஜத்துக்கு மேல் மண்ணை நகர்த்தினாலோ, 1,000 சதுர அடிக்கு மேல் தரையைக் கிளறினாலோ பெர்மிட் வேண்டும். 10 கன கஜம் என்பது சாதாரண டம்ப் லாரி ஒரு லோடு. தோட்டம் அமைப்பவர்கள் காலையிலேயே அதைத் தாண்டிவிடுவார்கள். மரம் வெட்டுவதில் நோயுற்றது, பட்டுப்போனது, ஆபத்தானது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனி மரம் ஆகியவற்றுக்குப் பெர்மிட் தேவையில்லை. ஒட்டுமொத்தமாக வழித்தெடுத்தால் தேவை. “ஒட்டுமொத்தம்” எங்கே தொடங்குகிறது என்பதை ஊழியர் ஒவ்வொரு முறையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். புகைப்படக் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கை கொடுக்கும்.

இன்னொன்று, ஆர்டினன்ஸில் விண்ணப்பத்துக்கான ஆவணப் பட்டியலை முழுசாக எழுதுங்கள்: உயர்நீர் மட்டக் கோடு, பிளஃப் விளிம்பு, அடி, தாக்கப் பகுதி, வெள்ளப் பகுதி, ஈரநிலம், மரக்கூட்டம் எல்லாம் காட்டும் தள வரைபடம். மாநிலச் சட்டம் 15.99இன்படி ஜோனிங் விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் அது அனுமதித்ததாகவே ஆகிவிடும். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று 15 வேலை நாளுக்குள் எழுத்தில் சொன்னால்தான் கணக்கு மறுபடி தொடங்கும். பட்டியலில் இல்லாத ஆவணத்தைக் காட்டி “முழுமை இல்லை” என்று சொல்ல முடியாது. அளவை வரைபடம் கேட்க மறந்துபோன ஊரில் 61ஆவது நாள் பிளஃப் விளிம்பில் வீடு எழும்ப அனுமதி தானாகக் கிடைத்துவிடும்.


கோப்புக்கட்டு:

மன்றத்தின் விருப்பம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், கொஞ்சம் மாறுபட்டும் சொல்கிறேன். மாநில விதி குறைந்தபட்சம்தான். நகரம் இன்னும் கடுமையாக வைக்கலாம். பக்கவாட்டு விரிவை எழுத்தோடு அனுமதிக்கச் சொன்னது சமதள மனைகளுக்குச் சரி. மணற்கல், தளர்ந்த மண் உள்ள சரிவின் மேல் நிற்கும் வரிசை வீடுகளுக்கு அதே சலுகையைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூரை பெரிதாகும், கூரைத் தண்ணீர் விளிம்பு வழியே இறங்கும், சரிவு இளகும். அந்த இடங்களை மட்டும் விலக்கி எழுத முடியும். வேண்டியது வரைபடத்தில் ஒரு கோடு.

தளர்த்தவும் ஒரு வழி உண்டு. ஊரின் நிலவமைப்பு காரணமாக ஏதாவது விதி பொருந்தவில்லை என்றால், நிறைவேற்றும் முன்பே காரணங்களோடு டி.என்.ஆர். கமிஷனரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏற்றால் அந்த மாற்றம் ஆர்டினன்ஸிலேயே போகும். “வீட்டுக்காரர்கள் விரும்பவில்லை” என்பது காரணமாக நிற்காது. விதியின் நோக்கம் வேறு வழியில் எப்படி நிறைவேறுகிறது என்று காட்ட வேண்டும்.

ஆர்.டி.சி. பகுதியில் 48 அடிக்கு மேல் நிபந்தனை அனுமதி தரும்போது என்ன கேட்பது என்பதையும் காலியாக விடாதீர்கள். ஆற்றிலிருந்தும் எதிர்க் கரையிலிருந்தும் எப்படித் தெரியும் என்ற காட்சி மதிப்பீடு, நீளப் பக்கத்தை ஆற்றுக்குக் குறுக்காக வைப்பது, மேல் மாடிகளை உள்வாங்கிக் குறுக்குவது, கூடுதல் செட்பேக் இவையெல்லாம் விதியிலேயே சொல்லப்பட்ட உத்திகள். பொதுப் பூங்காவிலிருந்து ஆறு தெரியும் இடங்களை உங்கள் திட்ட அத்தியாயத்தில் புகைப்படத்தோடு பட்டியலிட்டிருந்தால் இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படை கிடைக்கும். பட்டியல் இல்லையென்றால் “எந்தக் காட்சி?” என்ற கேள்விக்கே பதில் இருக்காது. இலை அடர்ந்த கோடைகாலத்துத் தோற்றத்தைத்தான் விதி கணக்கில் எடுக்கிறது. நவம்பரில் எடுத்த படத்தை யாராவது கொண்டுவந்தால் அது செல்லாது.


தியோடலைட்:

சரிவு மண்ணைப் பற்றிச் சொன்னது சரிதான். மனைப்பிரிவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நீரை ஒட்டிய மனை 10 ஏக்கரோ அதற்கு மேலோ, ஒட்டாதது 20 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால், பிரிக்கும்போது முதன்மைப் பாதுகாப்புப் பகுதிகளை (பிளஃப், கரையோரம், ஈரநிலம் போன்றவை) திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஆர்.என். பகுதியில் மனையின் 20 சதவீதம் வரை, ஆர்.டி.சி. பகுதியில் 10. இது ஜோனிங் அத்தியாயத்தில் மட்டும் இருந்து மனைப்பிரிவு அத்தியாயத்தில் இல்லாவிட்டால், பிளாட் (மனைப்பிரிவு வரைபடம்) போடுபவர் மனைப்பிரிவு விதியைக் காட்டி ஒப்புதல் கேட்பார். இரண்டு அத்தியாயங்களையும் ஒரே தொகுப்பாக அனுப்புங்கள்.


நதிக்கரை_நகர்:

கடைசியாக ஒன்று. ஆர்டினன்ஸ் அமலுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, ஆர்.டி.சி. பகுதியில் வணிகப் பயன்பாடுகளின் பட்டியலை மட்டும் மாற்றினால் அதற்கும் டி.என்.ஆர். ஒப்புதல் வேண்டுமா?


மன்றக்குறிப்பு:

பிறகு வரும் திருத்தங்களும் அதே வழியில்தான். கிரிட்டிக்கல் ஏரியா நிலத்தைத் தொடும் எந்தத் திருத்தமாக இருந்தாலும் வரைவைக் காட்டுங்கள். பயன்பாட்டுப் பட்டியல் போன்றது என்றால் விரைவிலேயே பதில் வந்துவிடும். காட்டாமல் நிறைவேற்றினால், பிறகு அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி வாங்கியவர் கடை திறந்த பின் யாராவது ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்பார். அப்போது மாட்டிக்கொள்வது கடைக்காரர். திருத்தத்துக்கான மன்றக் குறிப்பின் படிவத்திலேயே “கிரிட்டிக்கல் ஏரியாவில் வருகிறதா: ஆம் / இல்லை” என்று ஒரு கட்டம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வேரியன்ஸுக்கும் நிபந்தனை அனுமதிக்கும் அதே படிவம் பயன்படும். அவற்றின் விசாரணை அறிவிப்பும் முடிவும் டி.என்.ஆருக்கும் தேசியப் பூங்காத் துறைக்கும் போக வேண்டும். உயர வரம்பைத் தாண்டுவது என்றால் பக்கத்து ஊருக்கும் எதிர்க் கரை ஊருக்கும் சேர்த்து.